டிஸ்க்குக்குக் கீழே கிடந்த பைல்கள்

போன மாதம் திவ்யா தொலைபேசி எடுத்தாள். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற சரக்குக் கம்பனியில் இப்போது சேர்வர்களைப் பார்க்கும் பொறுப்பு அவளுடையது. சீனன்குடாப் பக்கம், துறைமுகத்துக்கு அருகே களஞ்சியங்களும் ஒரு லொறித் தராசும் வைத்திருக்கும் கம்பனி அது. அங்கே இருந்த யுனிக்ஸ் சேர்வரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த இயந்திரம் ஒன்றுக்கு மாற்றுகிறார்களாம். கடைசித் தடவையாகப் பெரிய டிஸ்க்கை இறக்கியபோது, அதற்குக் கீழே இருந்த, பைல்கள் போட்டு வைக்கும் வெறும் டிரெக்டரி ஒன்றுக்குள் ஒரு பைல் கிடந்ததாம். ஆங்கில எழுத்தில் ‘டிஸ்க் ஏறவில்லை’ என்று அதற்குப் பெயர். உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை.

“அங்கிள், இது ஆர் வைச்சது? ஏன் வைச்சது?” என்று கேட்டாள்.

சொல்லத் தொடங்கினால் தொலைபேசிக் காசு போதாது என்றேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கோ என்றாள். ஓய்வு பெற்ற நாள் தொடக்கம் பாலையூற்றில் வீட்டு முற்றத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும், பத்திரிகையை இரண்டு தரம் வாசிப்பதும், மனைவியிடம் ஏச்சு வாங்குவதுமாக இருக்கிறவன் நான். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கணினி படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. லொறித் தராசில் எடை பதிந்துகொண்டிருந்தேன். லொறி வெறுமையாக வரும்போது ஒரு எடை, சரக்கோடு போகும்போது ஒரு எடை, கழித்தால் சரக்கு. இவ்வளவுதான் என் கணிதம். தராசைக் கணினியோடு தொடுத்தபோது, அதைத் தெரிந்தவன் ஒருவன் கணினி அறையிலும் இருக்க வேண்டும் என்று என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். கொழும்பில் கொஞ்ச நாள் பயிற்சி தந்தார்கள். அங்கே நான் கற்றதில் பாதி ஆங்கிலச் சொற்கள், மீதி எந்தச் சாப்பாட்டுக் கடையில் சோறு நல்லது என்பது. உண்மையான படிப்பு திரும்பி வந்த பிறகுதான் தொடங்கியது. அதைத் தொடக்கியவர் யசோதா மிஸ்.

மிஸ் மட்டக்களப்பு. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு எங்கள் கணினிப் பிரிவுக்குத் தலைவியாக வந்தார். வந்த அன்றே செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் சேர்வர் அறைக்குள் நுழைந்தார். பக்தி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கடற்கரை மண் உள்ளே வருவது அவருக்குப் பிடிக்காது. உப்புக் காற்று ஏற்கெனவே எங்கள் வயர்களைத் தின்றுகொண்டிருந்தது.

அவரிடம் சில பழக்கங்கள் இருந்தன. மற்றவர் கையில் இருக்கும் கீபோர்டை ஒருபோதும் பறிக்க மாட்டார். கொழும்பிலிருந்து வருகிற கெட்டிக்காரர்கள் “தள்ளுங்கோ” என்று சொல்லி நம்மை ஒதுக்கிவிட்டுப் படபடவென்று அடிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், என்ன செய்தார்கள் என்று நமக்கு ஒன்றும் விளங்காது. மிஸ் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நம்மையே அடிக்க வைப்பார். அடித்து முடித்ததும், “கைய எடுங்க. இப்ப வாசிங்க. எங்க இருந்து எங்க போகுது?” என்பார். கையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் என்டரைத் தட்டலாம். தன் கட்டளைகளையும் என்னைக்கொண்டு வாசிப்பிப்பார். ஒருநாள் அப்படி வாசித்தபோது எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் மாறிக் கிடந்தன. பழையது போய்ப் புதியதன் மேல் விழுந்திருக்கும். “நல்ல காலம் அருளண்ணன்” என்று சிரித்துவிட்டு அழித்தார். தலைவர் ஒருவர் தன் பிழையைக் கண்டுபிடித்தவனைப் பார்த்து அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

இன்னொன்று, பசியோடு கட்டளை அடிக்கக் கூடாது. மதியம் தாண்டிவிட்டால் எவ்வளவு அவசரமானாலும் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்தது.

கொப்பி பண்ணுவதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யுனிக்ஸில் ஒவ்வொரு பைலோடும் அதை உண்டாக்கியவரின் பெயரும் திகதியும் இருக்கும். சும்மா கொப்பி பண்ணினால் கொப்பி பண்ணுகிறவனின் பெயரும் அன்றைய திகதியும் விழுந்துவிடும். மாறாமல் கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சொல் சேர்த்து அடிக்க வேண்டும். சேர்வர் விற்ற கம்பனியின் பொடியன்கள் ஒருமுறை அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் கொப்பி பண்ணிவிட்டுப் போனார்கள். பழைய கப்பல்களின் பதிவெல்லாம் அன்றைக்குத்தான் பிறந்தவை போல நின்றன. மிஸ் அவர்களை ஏசவில்லை. வீடு மாறுகிற ஆள் தன் பெயரையும் வயதையும் பழைய வீட்டில் விட்டுவிட்டா வருவான் என்று மட்டும் கேட்டார்.

இனி நஸீர். நஸீர் கிண்ணியா ஆள். என்னோடு அதே அறையில் வேலை. என்னைவிட இளையவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். எதையும் இரண்டு தரம் செய்து பார்க்கிற சுபாவம். கதவைப் பூட்டிவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அதற்காக அவரை நான் கேலி செய்யாத நாள் இல்லை.

மற்றதைச் சொல்ல முன், கணினி தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். யுனிக்ஸில் புதிதாக ஒரு டிஸ்க்கைப் பொருத்தினால் அது தனியாக வந்து நிற்காது. ஏற்கெனவே இருக்கிற ஒரு வெறும் டிரெக்டரியின் மேல் அதை ஏற்ற வேண்டும். அதைத்தான் மவுண்ட் என்பது. ஏற்றிய பிறகு அந்த டிரெக்டரிக்குள் போனால் நீங்கள் காண்பது புதிய டிஸ்க்கை. டிஸ்க் ஏறாமல் இருக்கும்போதும் அந்த டிரெக்டரி இருக்கும், அதற்குள் பைல் வைக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அது இயந்திரத்தின் சொந்தச் சிறிய டிஸ்க்கில் போய் விழும். பிறகு பெரிய டிஸ்க்கை ஏற்றினால், முன்பு வைத்தவை அழியாது, மறைந்துவிடும். தரையில் சாமானை வைத்துவிட்டு மேலே பாயை விரித்த மாதிரி. எங்கள் அறையில் “டிஸ்க் ஏறி நிக்குதா?” என்று கேட்பது பின்னாளில் வணக்கம் சொல்வது போல வழக்கமாகிவிட்டது. அப்போது அந்த வழக்கம் இருக்கவில்லை.

பழைய சேர்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதுக்கு மாறிய காலம். சரக்கு லொறிகள் ஓடாத, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் மாறுவதென்று முடிவாகியிருந்தது. அதற்குச் சற்று முன் மிஸ்ஸின் தாயாருக்குக் கண் சத்திரசிகிச்சை என்று வந்ததால் அவர் மட்டக்களப்புக்குப் போய்விட்டார். போயா அன்று நான் தராசடியில் புதுக் கேபிள் இழுக்கிற ஆட்களோடு வெயிலில் நின்றேன். சேர்வர் விற்றவர்கள் காலையிலேயே ஏதோ சீர்திருத்தத்துக்காகப் புதிய இயந்திரத்தை நிறுத்தி எழுப்பியிருக்கிறார்கள். பெரிய டிஸ்க் அப்போதுதான் பொருத்தியது, இயந்திரம் எழும்பும்போது தானாக ஏறுவதற்கு இன்னும் ஒழுங்கு செய்யவில்லை. எனவே அது ஏறவில்லை. அதை அவர்கள் கவனிக்கவுமில்லை, சொல்லவுமில்லை.

நஸீர் வந்து, சொல்லியிருந்தபடி, அந்த மாதத்து எடைப் பதிவுகளைப் பழையதிலிருந்து புதியதுக்குக் கொப்பி பண்ணினார். தன் சுபாவப்படி உள்ளே போய்ப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பழையதை அழித்துக் கொடுத்தார், அது லொறியேறிக் கொழும்புக்குப் போனது. பின்னேரம் சேர்வர் ஆட்களுக்கு டிஸ்க் ஞாபகம் வந்து, ஏற்றிவிட்டு, தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். மறுநாள் தராசு புதிய சேர்வரில் ஓடத் தொடங்கியது. ஒரு குறையும் தெரியவில்லை.

சில நாட்களில் கொழும்பிலிருந்து அந்த மாதத்துப் பதிவுகளைக் கேட்டார்கள். டிரெக்டரிக்குள் போய்ப் பார்த்தால் அவை இல்லை.

அந்த மாதம் உரக் கப்பல் வந்த மாதம். கிளிவெட்டி, மூதூர் வயல்களுக்கென்று லொறி லொறியாக உரம் போனது. எந்த லொறி எவ்வளவு கொண்டுபோனது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. நஸீரின் மச்சானுக்குச் சொந்தமாக இரண்டு லொறி அந்த வேலையில் ஓடியது. இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? உரத்தைக் களவாக ஏற்றிவிட்டுப் பதிவை அழித்துவிட்டார் என்ற கதை ஒரே நாளில் தராசடியிலிருந்து கன்ரீன் வரை போய்விட்டது.

கொழும்பிலிருந்து ஜயசேகர என்ற கணக்காய்வாளர் வந்தார். கணினி தெரிந்தவர், நிதானமானவர், குரலை உயர்த்தாதவர். தனக்கென்று சேர்வரில் ஒரு கணக்கு வாங்கி, எல்லா இடமும் போகிற அனுமதியோடு, தானே தேடினார். நஸீரின் பாஸ்வேர்டை நிறுத்திவிட்டார்கள். அவரைக் கணினி அறைக்குள் விட வேண்டாம் என்று உத்தரவு, வாசல் காவலறையில் போய் இருக்கச் சொன்னார்கள். திங்கட்கிழமை பொலிசில் முறைப்பாடு என்று முடிவாகியிருந்தது. கோபம் வந்தால் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்று ஜயசேகரவிடம் நிறையச் சிங்களம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒருவர் தன் கண்ணால் கண்டேன் என்று சொல்வதை வைத்து அறிக்கை எழுத முடியாது, பைலைக் காட்டுங்கள் என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

வியாழக்கிழமை காவலறையில் நஸீருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். குடிக்கவில்லை.

“அண்ணன், நான் கொப்பி பண்ணின. முடிஞ்ச பொறகு உள்ள போய்ப் பாத்த. எல்லாம் இருந்த” என்றார். “ராத்திரி வீட்ட பொண்டாட்டியும் கேக்கிறா, உண்மையச் செல்லுங்க எண்டு” என்றார்.

தேத்தண்ணியை நானே குடித்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம்தான் மிஸ் மட்டக்களப்பிலிருந்து திரும்பினார். பஸ்ஸில் வந்த களைப்போடு நேரே அறைக்கு வந்தார். நடந்ததை எல்லாரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காவலறைக்குப் போய் நஸீரிடம் அவர் செய்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். குறுக்குக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

“அருளண்ணன், நஸீர் சொல்றது முழுக்க உண்மை எண்டு வெச்சுக்குவம். கொப்பி பண்ணினாரு, கண்ணால பாத்தாரு. அப்ப பைல் எங்க இருக்கும்?”

இத்தனை நாளும் அங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை. நஸீர் பொய் சொல்ல மாட்டார் என்று கத்தினேனே தவிர, அவர் சொன்னது உண்மையென்றால் என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. நம்புவது ஒன்று, நம்பியதை வைத்துக்கொண்டு தேடுவது வேறொன்று. இந்த இரண்டாவதைக் கற்றுத் தந்ததற்காக மிஸ்ஸுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

இயந்திரத்தின் சொந்தச் சிறிய டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அநேகமாக நிறைந்திருந்தது. இப்போது அதிலுள்ள டிரெக்டரிகளின் அளவை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினால் பாதிகூட வரவில்லை. நான் திரும்பத் திரும்பக் கூட்டினேன். அதே விடைதான் வந்தது.

“தராசில இப்பிடி வந்தா என்ன நினைப்பீங்க?” என்று கேட்டார்.

தராசில் இப்படி வந்தால் நான் யோசிக்கவே மாட்டேன். லொறியின் எடை கூட, மேலே பார்த்தால் சாமான் குறைய என்றால், தட்டுக்கு அடியில் எதையோ வைத்திருக்கிறான். இறங்கிக் குனிந்து பார்ப்பேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

ஆனால் குனிந்து பார்ப்பதற்குப் பெரிய டிஸ்க்கை இறக்க வேண்டும். அது இறங்கினால் தராசு நிற்கும். இன்னொரு கப்பல் கரையில் நின்றது, லொறிகள் வாசலைத் தாண்டி வீதி வரை வரிசையில் நின்றன. ஜயசேகர சம்மதிக்கவில்லை. ஓர் ஊகத்துக்காகக் கப்பல் வேலையை நிறுத்த முடியாது, நிறுத்திப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் யார் பதில் சொல்வது என்றார். நான் சொல்கிறேன் என்றார் மிஸ். அதற்கும் அவர் தலையாட்டவில்லை.

மிஸ் வாதாடவில்லை. வெளியே வந்து என்னிடம், நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தராசு வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரும் நிறுத்தாமல் தானாக நிற்கும். லொறிச் சாரதிகளில் பெரும்பாலானவர்கள் கிண்ணியாவும் மூதூரும். ஜும்மாவுக்கு லொறிகளை அப்படியே வரிசையில் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார்கள். தொழுது, சாப்பிட்டு, ஆறுதலாகத்தான் வருவார்கள். கப்பல்காரனுக்கும் அது தெரியும், துறைமுகத்துக்கும் தெரியும். யாரும் அதை நட்டம் என்று கணக்கில் எழுதுவதில்லை.

வெள்ளிக்கிழமை நஸீரும் காவலறையிலிருந்து தொழுகைக்குப் போனார். தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்க்காமல் போனார். கடைசி லொறிக்காரனும் போனதும் தராசு வெறிச்சென்றிருந்தது. மிஸ் ஜயசேகரவிடம் போய், வேலை தானாக நின்றுவிட்டது, இப்போது பார்க்கலாமா என்று கேட்டார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்றார்.

கீபோர்ட் என் கையில். டிஸ்க்கை இறக்கும் கட்டளையை அடித்தேன். கையை எடுத்தேன். வாசித்தேன். தட்டினேன். இறங்க மாட்டேன் என்றது. யாரோ அதற்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் யுனிக்ஸ் டிஸ்க்கை இறக்க விடாது. தராசுக் கணினி, களஞ்சியக் கணினி எல்லாம் நிறுத்தியாயிற்று. யார் உள்ளே என்று கேட்டுப் பார்த்தால், திரையில் வந்தது ஜயசேகரவின் கணக்கு. பைல்கள் இல்லை என்பதை உறுதிசெய்ய அந்த டிரெக்டரிக்குள் போனவர், அதை மூடாமல் அப்படியே விட்டிருந்தார்.

மிஸ் நினைத்திருந்தால் ஒரு கட்டளையில் அவரை வெளியே தூக்கிப் போட்டிருக்கலாம். நானென்றால் செய்திருப்பேன், சந்தோசமாகவே செய்திருப்பேன். மிஸ் எழுந்து அவருடைய மேசைக்குப் போனார். நீங்கள்தான் அதற்குள் நிற்கிறீர்கள், தயவுசெய்து கொஞ்சம் வெளியே வர முடியுமா என்று கேட்டார். ஜயசேகர தன் திரையைப் பார்த்தார். முகம் லேசாகச் சிவந்தது. தானே அடித்து வெளியே வந்தார். பிறகு எழுந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

மீண்டும் அடித்தேன், வாசித்தேன், தட்டினேன். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் இறங்கியது. டிரெக்டரிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

திரை நிறைய வந்துகொண்டே இருந்தது. அந்த மாதத்து ஒவ்வொரு நாளும். அந்தந்த நாளின் திகதிகூட மாறாமல், நஸீர் கொண்டுவந்து வைத்தபடியே.

நான் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமில்லை. மிஸ் என் தோளைத் தட்டவில்லை, போத்தலில் இருந்த வெறுந்தேத்தண்ணியை மூடியில் ஊற்றி என் முன்னால் வைத்தார். பைல்களைத் தொட வேண்டாம், நஸீர் வரட்டும் என்றார்.

நஸீர் வந்தபோது மிஸ்ஸே வாசலுக்குப் போய்க் கூட்டிவந்தார். வழியில் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நான் எழுந்து என் கதிரையைக் கொடுத்தேன். நஸீர் திரையைப் பார்த்தார். ஒரு வரியில் விரலை வைத்து மெல்லக் கீழே கொண்டுபோனார். எண்ணுகிறார் என்று தெரிந்தது.

“நஸீர், இது உங்கட வேலை” என்றார் மிஸ். “நீங்களே எடுத்து வைங்க.”

பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஜயசேகரவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பெரிய டிஸ்க்கைத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் ஏற்றி, ஏறி நிற்கிறதா என்று பார்த்து, கீழே கிடந்தவற்றை அதற்குக் கொப்பி பண்ணினார் நஸீர். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார். ஒப்பிட்டதை மறுபடி ஒப்பிட்டார். அன்று நான் கேலி செய்யவில்லை. பிறகு கீழே இருந்தவற்றை நீக்கினார். வெறுமையான அந்த டிரெக்டரிக்குள் ஒரு வெறும் பைலை உண்டாக்கச் சொன்னார் மிஸ். ‘டிஸ்க் ஏறவில்லை’ என்று பெயர். இனிமேல் யாராவது அதற்குள் போய் இந்தப் பெயரைக் கண்டால், கையை எடுக்க வேண்டும் என்று அர்த்தம். திவ்யா, நீ கேட்ட பைல் அதுதான்.

டிஸ்க்கைத் திரும்ப அதன் இடத்தில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மத்தியானம் எப்போதோ தாண்டியிருந்தது. பசியோடு அடிக்கக் கூடாது, சாரதிகள் வர இன்னும் நேரமிருக்கிறது என்று மிஸ் எங்களைக் கன்ரீனுக்குக் கூட்டிப்போனார். ஜயசேகர தனக்குப் பசிக்கவில்லை என்று மேசையிலேயே இருந்துவிட்டார். நாங்கள் பாரைமீன் குழம்போடு சோறு சாப்பிட்டோம். நஸீர் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். வந்து டிஸ்க்கை ஏற்றினோம், லொறிகள் அசையத் தொடங்கின.

உரக் கணக்கு கிலோ பிசகாமல் சரியாக இருந்தது. மச்சானின் லொறிகள் உட்பட.

பின்னேரம் ஜயசேகர புறப்பட்டார். மிஸ்ஸுக்குக் கை கொடுத்தார். நஸீர் கதவடியில் நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று நஸீர் காத்து நின்றது எனக்குத் தெரியும். ஜயசேகர அவரைப் பார்த்தார், வாயைத் திறக்கப் போனவர் போல இருந்தது, பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய் வாகனத்தில் ஏறிவிட்டார்.

அது நஸீருக்கு ஆறவே இல்லை. பிறகும் நீண்டகாலம் என்னோடு நல்லபடியாக வேலை செய்தார், மரியாதையோடு ஓய்வு பெற்றார். ஆனால் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிற விருந்துகளுக்கு அவர் வரமாட்டார். “அறிக்கையில குற்றம் இல்ல எண்டு எழுதின. அது கம்பனிக்கு. எனக்கு அந்த மனுசன் ஒரு வார்த்த செல்லல்லயே அண்ணன்” என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கதையை நாங்கள் எடுக்கவில்லை.

இதுவரைதான் எழுதித் திவ்யாவுக்கு அனுப்பினேன். மிஸ்ஸுக்கு நன்றி சொல்லி முடித்திருந்தேன். மிஸ் இப்போது பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறார், நத்தார்ப் பண்டிகைக்கு மறக்காமல் தொலைபேசி எடுப்பார். கட்டுரை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் திவ்யா திரும்ப எடுத்தாள்.

“அங்கிள், அதுக்குள்ள ரெண்டு பைல் கிடந்தது. மற்றது சிங்களம் மாதிரிக் கிடந்தபடியா ஏதோ குப்பையெண்டு நினைச்சு உங்களுக்குச் சொல்லேல்ல. இப்ப உங்கட கட்டுரையை வாசிச்சாப் பிறகுதான் அதில நஸீர் எண்ட பேரைக் கண்டனான்.”

எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னேன். ஆங்கில எழுத்தில் எழுதிய சிங்களம். நீளமான பெயர். தமிழில் சொன்னால், ‘நஸீர் பொய் சொல்லவில்லை, என்னை மன்னிக்கவும்.’ அதுவும் உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் பைல். உண்டாக்கியவர் பெயர் என்னவென்று கேட்டேன். அவள் சொல்ல முன்பே எனக்குத் தெரியும். ஜயசேகரவின் கணக்கு. திகதி அந்த வெள்ளிக்கிழமை. நாங்கள் மூன்று பேரும் பாரைமீன் குழம்போடு உட்கார்ந்திருந்த நேரம்.

வாயால் சொல்ல முடியாததை அந்த மனிதர் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் பாருங்கள். நாங்கள் வந்து அதன் மேல் டிஸ்க்கை ஏற்றி மூடிவிட்டோம். அதற்கு மேலேதான் இத்தனை காலமும் வேலை செய்தோம். அவர் மேல் எனக்கிருந்த கோபத்தை அன்று பின்னேரம் முழுக்கத் தேடினேன், அகப்படவில்லை.

நஸீருக்குத் தொலைபேசி எடுத்தேன். கிண்ணியாவில் மகனுடைய ஹாட்வெயார் கடையில் இருக்கிறார். பின்னால் யாரோ ஆணி விலை கேட்கும் சத்தம். முழுவதையும் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து நஸீர், நஸீர் என்று கூப்பிட்டேன்.

“இருக்கன் அண்ணன்” என்றார். “அந்த மிசினக் கழட்டிப் போட முந்தி, அந்தப் புள்ளக்கிட்டச் செல்லுங்க, அத எனக்குக் கொப்பி பண்ணித் தரட்டாம்.”

சொல்கிறேன் என்றேன்.

“அந்தாள்ட பேரும் திகதியும் மாறாமக் கொப்பி பண்ணச் செல்லுங்க.”